பிழையார் போட்ட ரிலே

"டிக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது மட்டும் வரவில்லை.

சாப்பாட்டு மேசையின் மேல் கட்டைவிரல் அகலத்தில் ஒரு போர்டு. அதிலிருந்து மூன்று ஒயர்கள். ஒயர்களின் மறுமுனையில், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு நீலப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிழையார் குனிந்து, நீலப் பெட்டியின் மேல் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மேசை எப்பக் கிடைக்கும்?" என்றாள் மனைவி. அவள் கையில் இரண்டு தட்டுகள்.

"உஷ்!"

"அது பேசாது போல. நானாவது பேசறேன். சாப்பாடு ஆறுது."

"விளக்கு எரியுது பாரு. உயிர் இருக்கு. வாயைத்தான் திறக்க மாட்டேங்குது."

"கீழ்வீட்டு டிரைவர் மாதிரியா?"

பிழையார் சிரிக்கவில்லை. கீழ்வீடு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு இப்போதெல்லாம் தாடை இறுகிவிடும்.

பிழையார் என்பது அவருடைய பெயர் இல்லை. அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். விட்டுப்போன க், ச், த், ப் ஆகியவற்றை எங்கிருந்தாலும் மோப்பம் பிடித்துச் சிவப்பு மையால் செருகிவிடுவார். ஒருமுறை அழுதுகொண்டே இரங்கல் அட்டை அச்சடிக்க வந்த மனிதரைப் பார்த்து, "'இறுதி சடங்கு'ன்னு எழுதிக் கொடுத்தா உங்கப்பா ஆன்மா எப்படிச் சாந்தியடையும்? நடுவுல ஒரு 'ச்' வேணாமா?" என்று கேட்டவர். அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டார். அதைக்கூடப் பிழையார் தன் சாதனையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அச்சகத்தில் அவருக்கு 'ஒற்றுப்பிழையார்' என்று பெயர். நாளடைவில் ஒற்று தேய்ந்து, பிழையார் மட்டும் நின்றது. 'பிழையார்' என்றால் இலக்கணப்படி 'பிழை செய்ய மாட்டார்' என்று பொருள் வருகிறது என்று சொல்லி, அவர் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டார். அச்சகத்தில் அப்படிப் பொருள் கொண்டவர் அவர் ஒருவர்தான்.

கடவுள் சில மனிதர்களுக்குக் கூர்மையான கண்ணைக் கொடுத்து, அதை அடுத்தவர் பக்கமே திருப்பி வைத்துவிடுகிறார். கடவுளைக் குறை சொல்ல முடியாது. தன் பக்கம் பார்க்கத் தேவைப்படும்போது உதவட்டும் என்று அக்கம்பக்கத்தாரையும் படைத்துத்தான் அனுப்புகிறார்.

பிழையாரின் வீடு மாடியில். கீழ்வீட்டில் ஒரு தையலம்மாவும் அவளுடைய கணவரும். கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் ஹார்ன்கூட அடிக்காதவர். இரண்டு வீட்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. மோட்டார் போடுகிற பொறுப்பு மாடி வீட்டுக்கு. பிழையார் மோட்டாரைப் போட்டுவிட்டுப் புரூஃப் தாளை எடுப்பார். எடுத்தால் உலகம் மறந்துவிடும். தொட்டி நிரம்பி வழியும். வழிந்த தண்ணீர் சுவரோடு இறங்கிக் கீழ்வீட்டு ஜன்னலுக்குள் பாயும். அந்த ஜன்னலோரம்தான் வெளிச்சத்துக்காகத் தையலம்மா தன் மெஷினைப் போட்டிருந்தாள்.

அவள் கத்தினாள். இவர் கத்தினார். அவள் வெளியூரிலிருந்த வீட்டு ஓனருக்குப் போன் செய்தாள். ஓனர் இவருக்குப் போன் செய்தார்.

"இன்னொரு தடவை அந்தம்மாகிட்டேர்ந்து எனக்குப் போன் வரக் கூடாது. வந்துச்சுன்னா சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பிடுங்க."

மனைவிக்கு அன்று சோறு இறங்கவில்லை. தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அலுவலக வேலை. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு பஸ் மாறி நசுங்கிப் போகிற கொடுமை தீர்ந்து, காலார நடந்து போய் வருகிறாள்.

"போன்ல ஒரு அலாரம் வெச்சுக்கங்களேன்," என்று கெஞ்சினாள்.

"அலாரமா? நான் என்ன மறதிக்காரனா?"

"இல்லையா?"

"தானா போட்டு, தானா அணைக்கிற மாதிரி ஒரு மிஷினே பண்ணிடறேன். என் கையால. அந்தம்மா மூக்கு மேல விரலை வைக்கணும்."

இப்படித்தான் அந்தப் போர்டும் நீலப் பெட்டியும் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தன. மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். சாமான்களை வாங்கிக் கொடுத்ததும், போர்டுக்கான புரோகிராமை எழுதிக் கொடுத்ததும் அவன்தான். விஷயம் ரொம்ப எளிது. தொட்டிக்குள் ஒரு மிதவை தொங்கும். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். போர்டு அதைப் பார்த்து நீலப் பெட்டிக்குச் சொல்லும். நீலப் பெட்டியின் பெயர் ரிலே. அது தனக்குள் இருக்கும் சின்னச் சுவிட்சைத் தட்டி மோட்டாரைப் போடும், அணைக்கும். தட்டும்போது வருவதுதான் அந்த 'டிக்'.

மனைவி தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அத்தான், பவர் ஒயரை மூணு வோல்ட் ஓட்டையில சொருகியிருக்கீங்களா, அஞ்சு வோல்ட் ஓட்டையிலயா? ரிலேக்கு அஞ்சு வேணும். மூணு கொடுத்தா லைட் எரியும், ஆனா டிக்குனு இழுக்கத் தெம்பு இருக்காது."

"ஒயரெல்லாம் சரியா இருக்கு. தப்பு உன் புரோகிராம்ல."

"அதுல என்ன தப்பு?"

"அச்சுப்பிழை. மோட்டாரைப் போடற இடத்துல 'லோ'ன்னு எழுதியிருக்கே. அணைக்கிற இடத்துல 'ஹை'ன்னு எழுதியிருக்கே. போடறதுன்னா மேல, அணைக்கிறதுன்னா கீழ. ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கே."

"ஐயோ, அதை மாத்திடாதீங்க அத்தான்! அந்த ரிலே அப்படித்தான். லோ கொடுத்தாத்தான் ஆனாகும். தலைகீழா வேலை செய்யற ரகம்."

"தலைகீழா வேலை செய்யறது ரிலே இல்ல மச்சான், நீ."

போனை அணைத்துவிட்டுத் திருத்தினார். புரோகிராம்மீது அவருக்கு முதல் நாளே ஒரு மரியாதை வந்திருந்தது. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால்கூட அந்தப் போர்டு வேலை செய்ய மறுத்துவிடுகிறது. இத்தனை வருடங்களில் அவரைப் புரிந்துகொண்ட முதல் ஜீவன் அதுதான்.

திருத்திய பிறகும் 'டிக்' வரவில்லை.

மனைவி தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனாள். பிழையார் வாசலைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், ஒயரைப் பிடுங்கி அஞ்சு வோல்ட் ஓட்டையில் செருகினார். மிதவையைத் தூக்கினார்.

"டிக்!"

"பாத்தியா!" என்று மேசையில் ஓங்கி அடித்தார். "நான் சொல்லல? புரோகிராம்தான்!"

மனைவி வந்து பார்த்தாள். "ஒயர் இடம் மாறியிருக்கே?"

"தூசி தட்டினேன்."

அவள் மிதவையைக் கையில் வாங்கித் தூக்கினாள். டிக். கீழே விட்டாள். டிக். மறுபடி தூக்கினாள்.

"ஏங்க, தூக்கினா ஆனாகுது. அப்படின்னா தொட்டி ரொம்பினப்புறம்தான் மோட்டார் ஓடுமா?"

பிழையார் மிதவையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். புரோகிராமைப் பழையபடி மாற்றினால் ஒரு நொடியில் சரியாகிவிடும். ஆனால் தான் போட்ட திருத்தத்தைத் தானே அடிப்பது அவருடைய தொழிலில் நடந்ததே இல்லை.

"மிதவையைத் தலைகீழா மாட்டியிருக்கான் கம்பெனிக்காரன்," என்று சொல்லி, மிதவையைக் கழற்றிக் கவிழ்த்து மாட்டினார். இப்போது இறக்கினால் ஆனாகி, தூக்கினால் அணைந்தது. "முடிஞ்சுது வேலை. இனிமே அந்தம்மா பேச்சு எடுக்கட்டும், பாக்கறேன்."

முடியவில்லை. ரிலேயில் மோட்டார் ஒயரை மாட்ட மூன்று ஓட்டைகள் இருந்தன. நடுவில் இருப்பது பொது. ஒரு பக்கம் 'நார்மலி ஓப்பன்', மறு பக்கம் 'நார்மலி குளோஸ்டு'. பிழையார் இரண்டையும் மனதுக்குள் அழகான தமிழில் எழுதிப் பார்த்தார். வழக்கமாகத் திறந்திருப்பது. வழக்கமாக மூடியிருப்பது.

"திறந்தே இருந்தா எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். நமக்கு மூடியிருக்கிறதுதான் வேணும்," என்று தீர்மானித்தார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். மூடிய பக்கத்தில் ஒயரை முடுக்கினார்.

மொட்டை மாடிக்கு ஏறி மிதவையைத் தொட்டிக்குள் இறக்கினார். தொட்டியில் அப்போது தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. இறங்கி வந்து, போர்டின் சார்ஜரைச் செருகிவிட்டு, நெஞ்சில் கைகட்டி நின்றார்.

மோட்டார் ஓடத் தொடங்கியது.

"ரொம்பின தொட்டிக்கு எதுக்குங்க மோட்டார் ஓடுது?" என்றாள் மனைவி.

"பொறு. யோசிக்குது. நிறுத்திடும்."

அது யோசித்தது. சுவர் யோசிக்காமல் நனைந்தது. கீழேயிருந்து "புரூஃப் சார்!" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குக் காக்கைகள் பறந்தன. பிழையார் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடி, மாடிப்படிக்குக் கீழே இருந்த மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்தார். கீழ்வீட்டுச் சமையலறை வாசலுக்கு நேர் எதிரே அது இருந்தது. வாசலில் தையலம்மா, இடுப்பில் கை.

"என்ன சார் இது? முன்னெல்லாம் மறந்தாத்தான் வழியும். இப்ப மறக்காமலே வழியுதே!"

"சோதனை ஓட்டம்."

"சோதனை எனக்கா, உங்களுக்கா?"

"இன்னைக்குச் சிரிங்க. நாளைக்கு நீங்களே வந்து கை கொடுப்பீங்க."

சாயங்காலம் மைத்துனன் வேலையிலிருந்து நேராக வந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். ஒயரைப் பார்த்தவுடன் தலையில் கை வைத்தான்.

"அத்தான், மாத்தி மாட்டியிருக்கீங்க. ஓப்பன்ல மாட்டணும். கரண்ட்ல ஓப்பன்னா கரண்ட் போகாதுன்னு அர்த்தம். குளோஸ்டுன்னா போகும்."

"என்னது? திறந்தா போகாது, மூடினா போகும்?"

"ஆமா."

"கதவைத் திறந்தா உள்ள வரலாம். குழாயைத் திறந்தா தண்ணி வரும். வாயைத் திறந்தா பேச்சு வரும். கரண்டுக்கு மட்டும் திறந்தா வராதா? எந்த ஊர் மொழி இது?"

"ரெண்டு ஒயரும் தொட்டுக்கிட்டாத்தான் அத்தான் வழி. விலகிட்டா வழி அறுந்துடும். அறுந்ததைத்தான் ஓப்பன்ங்கறோம்."

"அப்ப அறுந்ததுன்னு எழுது. சொல்லைத் தப்பா வெச்சுட்டு என்னை வந்து திருத்தாதே."

"கரண்டுக்குத் தமிழ் தெரியாது அத்தான்!"

"தெரிஞ்சுக்கட்டும்."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள்.

"சரி, இன்னொண்ணு," என்றான். "டெஸ்ட் பண்ணத்தான் இந்தச் சின்ன ரிலேயைக் கொடுத்தேன். மோட்டார் இழுக்கற இழுப்புக்கு இது தாங்காது. சூடாகி உள்ள ஒட்டிக்கும். நான் பெரிசா ஒண்ணு கொண்டுவரேன்."

"ஒட்டாது. நான் மாட்டினது."

மைத்துனன் போன பிறகு, பிழையார் ஒயரைத் தொடவே இல்லை. மொட்டை மாடிக்கு ஏறி, மிதவையை மறுபடியும் கவிழ்த்துப் பழையபடி மாட்டினார். கீழே இறங்கி மெயின் சுவிட்சையும் போட்டார். புரோகிராம் ஒரு தலைகீழ், ஒயர் ஒரு தலைகீழ். இரண்டு தலைகீழும் ஒன்றையொன்று நிமிர்த்திக்கொண்டன. தொட்டி காலியானபோது மோட்டார் ஓடியது. நிரம்பியபோது "டிக்" என்று நின்றது.

மனைவி நம்பாமல் தன்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். பிழையார் அந்தச் சந்தோஷத்தில் இரண்டு முறை சாப்பிட்டார்.

மறுநாள் விடுமுறை. பிழையார் தன் அறையில் புரூஃப் தாளோடு உட்கார்ந்திருந்தார். கூடத்தில் மனைவியின் போன் உயிரை விட்டது. சார்ஜர் தேடினாள். சுவரில் ஒரு சார்ஜர் இருந்தது. அதிலிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் போனைச் செருகினாள். பிடுங்கியது போர்டின் ஒயர்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. மூடிய பக்கத்தில் ஒயர் இருந்தால், போர்டு செத்தாலும் மோட்டார் ஓடும் என்பது பிழையாருக்குத் தெரியாது. அவர் ஒரு 'த்'தைத் துரத்திக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தண்ணிச் சத்தம் கேக்குது," என்றாள் மனைவி.

"மழை."

"வெயில் கொளுத்துது."

"வெயில்லயும் மழை பெய்யும்."

"நம்ம வீட்டு மேல மட்டுமா?"

"என் மிஷின் இருக்கும்போது தொட்டி வழியாது. வழியாதுன்னா வழியாது. அதனால அது மழை."

அந்த மழை நெடுநேரம் பெய்தது. கீழேயிருந்து குரல் வந்தபோது, அதில் இந்த முறை கோபம்கூட இல்லை. அழுகை போல ஏதோ இருந்தது. பிழையார் மொட்டை மாடிக்கு ஓடினார். வழியும் குழாயைக் கையால் அடைக்கப் பார்த்தார். தண்ணீர் முகத்திலும் மார்பிலும் பீறியடித்தது. திடீரென்று மோட்டார் நின்றது. கீழே டிரைவர் மெயின் சுவிட்சை அணைத்திருந்தார், வழக்கம்போல ஒரு சொல்லும் இல்லாமல்.

சொட்டச் சொட்ட இறங்கி வந்த பிழையார் சார்ஜரைப் பார்த்தார். அதில் மனைவியின் போன்.

"யார் பிடுங்கினது?"

"நான்தான். மூளையைப் பிடுங்கினா நின்னுடும்னு நினைச்சேன். மூளை இல்லாமலே நிக்காம ஓடுது. யாரைப் பாத்துக் கத்துக்கிச்சோ!"

சொல்லிவிட்டு அவள் படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நீலப் பெட்டியிலிருந்து லேசாகக் கருகல் வாடை வந்தது. "புது சாமான்னா அப்படித்தான்," என்றார் அவர், யாரும் கேட்காமலே.

அப்போது தையலம்மா வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் தண்ணீர் சொட்டும் வெள்ளைத் துணிகள். மறு கையில் போன்.

"பள்ளிக்கூட யூனிஃபார்ம். வெட்டி வெச்சிருந்தேன். மொட்டை மாடி அழுக்கு மொத்தமும் இதுலதான் இருக்கு," என்றாள். "ஓனர் நம்பரை எடுத்துட்டேன். சொல்லிட்டுப் பண்ணலாம்னு வந்தேன்."

மனைவி அவள் கையிலிருந்த துணிகளை வாங்கிக்கொண்டாள். "குடுங்கக்கா. நான் அலசிக் காயவெச்சுத் தரேன். இன்னைக்கு வெயில் நல்லா அடிக்குது." துணியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

பிழையார் ஸ்குரூடிரைவரை உயர்த்தினார். மூக்குக் கண்ணாடியில் தண்ணீர்த் திவலைகள். அவர் நின்ற இடத்தில் ஒரு குட்டை உருவாகிக்கொண்டிருந்தது.

"பண்ணுங்க! தாராளமாப் போன் பண்ணுங்க! வீட்டைக் காலி பண்ணச் சொன்னா வண்டியிலயும் இந்த மிஷினோடதான் ஏறுவேன். ஆனா ஒண்ணு. இது ஓடும். நாளைக்கே ஓடும். இந்த மிஷின்ல யாரும் கை வைக்காம இருந்தாப் போதும். நீங்களும் சரி, இவளும் சரி, என் மச்சானும் சரி!"

தையலம்மா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு மனைவியின் முதுகைப் பார்த்தாள். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முதல்ல தலையைத் துவட்டுங்க சார். சளி பிடிச்சுக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

"பாத்தியா?" என்றார் பிழையார். "என் உறுதியைப் பாத்து ஆடிப்போயிட்டா."

இரக்கம் என்பது மனித முகத்தில் பிழையில்லாமல் எழுதப்படுகிற சொல். பிழை இல்லாததாலோ என்னவோ, அவர் கண்ணில் அது படவில்லை.

அன்றே பாதுகாப்பு ஏற்பாடுகள் நடந்தன. சார்ஜரைச் சுவரோடு சேர்த்து டேப் ஒட்டினார். கீழே போய் மெயின் சுவிட்சை மறுபடி போட்டுவிட்டு, அதன் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் ஒரு தாளை ஒட்டினார்: 'தானியங்கி இயந்திரம் இணைக்கப்பட்டுள்ளது. இந்தச் சுவிட்சை யாரும் தொட கூடாது.'

மறுநாள் காலை தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது. மோட்டார் தானே ஓடியது. தொட்டி நிரம்பியது. மோட்டார் தானே நின்றது. சுவரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

பிழையாரின் நடையே மாறிவிட்டது. அச்சகத்தில் அட்டை அடிக்க வருகிறவர்களிடம் ஒற்றுக்குப் பதிலாக ரிலேயைப் பற்றிப் பேசினார். ஓனருக்குத் தானே போன் செய்து, "இனிமே உங்களுக்குக் கீழ்வீட்டுலேர்ந்து போனே வராது. வந்தா அது நல விசாரிப்பாத்தான் இருக்கும்," என்றார். ஒரு மாலை தையலம்மா படிக்கட்டோரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவரே போய் நின்றார்.

"எப்படி நம்ம மிஷின்?"

"ஒரு குறையும் இல்ல சார். நேரத்துக்குப் போடுது, நேரத்துக்கு நிக்குது."

"அன்னைக்கு என்னவோ போன் பண்ணப் போறேன்னீங்களே."

"அறிவில்லாம சொல்லிட்டேன்," என்றாள் அவள், துணியிலிருந்து தலை நிமிராமல். "ஆனா அந்தத் தாள்ல ஒரு தப்பு இருக்கு சார்."

"என் எழுத்துலயா? தப்பா?"

"'தொட கூடாது'ன்னு இருக்கு. 'தொடக் கூடாது'ன்னுதானே வரணும்? நடுவுல ஒரு 'க்' வேணாமா? யூனிஃபார்ம்ல பள்ளிக்கூடப் பேரு தெச்சுத் தெச்சு எனக்கும் கொஞ்சம் பழக்கம்."

பிழையார் தாளைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. ஆனால் இறங்கிப்போகிற ஆளா அவர்?

"வேணும்னுதான் விட்டேன். யாராவது கவனிக்கிறாங்களான்னு பாக்க."

"அதானே பாத்தேன்," என்றாள் அவள்.

பிறகு ஒரு நாள் மைத்துனன் வந்தான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய ரிலே.

"எடுத்துட்டுப் போ," என்றார் பிழையார், பெட்டியைத் திறக்காமலே. "நீ ஒட்டிக்கும்னு சொன்ன ரிலேதான், நாள் தவறாம ஓடுது."

"அதே சின்ன ரிலேயா? அதே ஒயர், அதே ஓட்டையிலயா?"

"அதே ஓட்டை. திருத்தின புரோகிராம். ஒரு எழுத்துகூட மாத்தல."

மைத்துனன் நீலப் பெட்டியருகே குனிந்தான். "டிக் சத்தம் வருதா அத்தான்?"

"ஆரம்பத்துல வந்துச்சு. இப்ப வர்றதில்ல. வேலை தெரியாதவன்தான் சத்தம் போடுவான். அதுக்கு வேலை பழகிடுச்சு."

"பழகிடுச்சா?"

"அது மட்டுமா! ஞாயித்துக்கிழமை எல்லாரும் லேட்டா எழுந்திருப்பாங்கன்னு அதுவே கண்டுபிடிச்சு, லேட்டாத்தான் போடுது. அன்னைக்கு மேகமா இருந்தப்பக் கொஞ்சம் சீக்கிரமே போட்டுடுச்சு."

"அத்தான், அந்தப் புரோகிராம்ல அப்படி எதுவும் இல்லையே."

"நீ எழுதினதுல இருக்காது. நான் திருத்தினதுல இருக்கு."

மைத்துனன் வாயைத் திறந்தான். அக்கா கண்ணைக் காட்டினாள். மூடிக்கொண்டான்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ மச்சான்." பிழையார் எழுந்து நின்றார். குரல் உயர்ந்தது. "எத்தனை பேரு என்னைத் தடுத்தீங்க! ஒயரை மாத்து, புரோகிராமை மாத்து, ரிலேயை மாத்து, அலாரம் வை. நான் ஒண்ணையும் மாத்தல. யார்கிட்டயும் போய் நிக்கல. யார் உதவியும் இல்லாம, தனி ஆளா, இந்த வீட்டைக் காப்பாத்தியிருக்கேன். இனிமேலும் எனக்கு யார் தயவும் வேணாம்!"

வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். டிரைவர் நின்றுகொண்டிருந்தார். அவர் மாடியேறி வந்ததே முதல் தடவை என்பதால் மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார், செருப்பைப் பார்த்தார், பிறகு பேசினார்.

"சார், நாளைக்கு நாங்க பொண்ணு வீட்டுக்குப் போறோம். திரும்பி வர்ற வரைக்கும் காலையில மெயின் சுவிட்சைப் போட்டு, தொட்டி ரொம்பினதும் அணைக்கிற வேலையை மட்டும் நீங்களே பாத்துக்குவீங்களாம், சொல்லிட்டு வரச் சொன்னா."